காஃப சிரப்

என் மனைவிக்கு என்னைப் பிடிக்காமல் போவதற்கு நியாயமான காரணங்கள் ஒரு ஐம்பதாவது தேறும். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு என் வாசனை பிடிக்கவில்லை என்று அவள் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

மேற்குத் தாம்பரத்தில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக. என் சட்டை, தலைமுடி, மணிபர்ஸ், கைக்குட்டை எல்லாம் காப்பிதான். ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மூக்கை ஒரு இழு இழுத்து, கண்ணை மூடி, "ஆஹா" என்பார். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் "ஆஹா" பாதியில் நின்றுவிடும். சர்ச்சில் எனக்குப் பின்பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குப் பிரசங்கத்தின் நடுவிலேயே காப்பி ஞாபகம் வந்துவிடுகிறது என்று ஆயரே ஒருமுறை குறைபட்டுக்கொண்டார்.

என்னைக் கல்யாணம் செய்துகொண்டதே அந்த வாசனைக்காகத்தான் என்று மனைவி வெளிப்படையாகவே சொல்லுவாள். "பொண்ணு பாக்க வந்தப்ப மொதல்ல வாசனைதான் ஹாலுக்குள்ள வந்துச்சு. நான் தலைய ஆட்டிட்டேன். அதுக்கப்புறம்தான் ஆள் வந்தாரு. என்ன பண்றது, ஆட்டின தலைய நிறுத்த முடியல." அவள் பம்மல்காரி. வீட்டுக்குப் பின்னாலேயே தோல் பதனிடும் ஷாப். தோல் ஊறும் தொட்டியின் நாற்றத்திலேயே படித்து, பாஸாகி, தமிழாசிரியை ஆனவள். அந்த மூக்குக்கு நான் மோட்சமாக இருந்திருக்கிறேன்.

போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் போயிற்று; போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லிகைப்பூ இல்லை, ரசம் இல்லை, கழிவுநீர் லாரிகூட இல்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. ஆனால் வேறு யாருடைய வீட்டு வாசனையோ விலாசம் மாறி வந்தது போல வந்தது.

அன்று காலை வழக்கம்போல டம்ளரை நீட்டினேன். வாங்கி முகத்தருகே கொண்டுபோனவள் சட்டென்று தள்ளிப் பிடித்தாள்.

"எங்கியோ டயர் எரிக்கிறாங்க."

நான் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தேன்.

"வெளிய இல்லீங்க. டம்ளர்ல."

டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம் என்று கிட்டே போனேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள். இருபத்தாறு வருஷத்தில் எனக்குப் பயந்து அவள் பின்னால் போனது அதுதான் முதல் தடவை.

"உங்க மேலயும்" என்றாள்.

குரோம்பேட்டையில் ஒரு காது மூக்குத் தொண்டை டாக்டர் பார்த்தார். "நரம்பு திரும்ப வளருது. வயர் மாத்திக் கனெக்ட் ஆயிருக்கும்மா. தானா சரியாகும். எப்போன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். காலையும் மாலையும் எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் இவற்றை முகர்ந்து பழகச் சொன்னார். "காப்பி?" என்று நான் கேட்டேன். "நிறையப் பேருக்கு மொதல்ல கெட்டுப்போறதே அதுதான் சார். நீங்க என்ன தொழில் பண்றீங்க?" சொன்னேன். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அவர் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை குளியலறையில் கழிந்தது. கடையிலேயே ஒரு குளியல், கேட்டருகே சட்டை மாற்றல், வீட்டில் இன்னொரு குளியல். வேப்பிலை சோப்பு, கடலைமாவு, எலுமிச்சைத் தோல். தோல் உரிந்ததே தவிரக் காப்பி உரியவில்லை. படுக்கை ஹாலுக்கு வந்தது. நான் ஹாலில் பாயை விரித்தால் அவள் உள்ளே மின்விசிறியை நான்கில் வைப்பாள். காற்று என் பக்கம் அடிக்கும்படி.

அவள் பாடுதான் நிஜமான பாடு. வெங்காயம் வதக்கினால் டயர். கோழி, முட்டை, வறுத்தது எதுவானாலும் டயர். பதினொரு மணி இன்டர்வெல்லில் ஆசிரியர் அறைக்குக் காப்பிக் கேன் வரும். அந்த நேரத்தில் இவள் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஐஸ் போட்ட தயிர்சாதம், பிஸ்கட், வாழைப்பழம். மோதிரம் கழன்று விழாமல் இருக்க அதில் நூல் சுற்றினாள். பிறகு இன்னும் கொஞ்சம் நூல் சுற்றினாள். நான் "இனிமே மோதிரத்துக்குப் பதிலா நூல்கண்டையே போட்டுக்கலாம்" என்று ஜோக் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அது ஜோக்காகத் தெரியவில்லை.

ஒருநாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் சட்டையை, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, இரண்டு கையாலும் பிடித்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். தேடுகிறாள் என்று தெரிந்தது. பிறகு சட்டையை விட்டுவிட்டு, கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நான் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி நின்றிருந்தேன். அந்தத் தொட்டியில் செடி செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

செப்டம்பர் முதல் வாரத்தில் சொன்னாள்: "காலாண்டுப் பரீட்சை முடியற சனிக்கிழமை பம்மலுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"எத்தன நாளைக்கு?"

"மூக்கு சொல்ற வரைக்கும்."

"கடைய மூடிடறேன்."

"மூடிட்டு? எழுத்துப்பிழை பண்றதத் தவிர உங்களுக்கு வேற என்ன தெரியும்?"

இது பழைய வழக்கு. கடை வாசலில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கும். அதில் நான் எதையாவது எழுதிவைப்பேன். வாரத்துக்கு ஒருமுறை அவள் வந்து திருத்துவாள். 'காப்பி தூள்' என்று எழுதினால் நடுவில் ஒரு 'த்' சொருகுவாள். புள்ளி வைப்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. "புள்ளி வைக்க உங்களுக்குக் கை வலிக்குதா?" என்பாள். பரீட்சைப் பேப்பர் திருத்தும் சிவப்புப் பேனா எப்போதும் அவள் பையில் இருக்கும். மளிகைச் சீட்டில்கூட எனக்குச் சிவப்பு விழும்.

பம்மலுக்கும் தாம்பரத்துக்கும் என்ன தூரம்? ஷேர் ஆட்டோவில் ஏறி ஒரு தும்மல் போடுவதற்குள் வந்துவிடும். ஆனால் என் மூக்குப் பெண்டாட்டி என்னைவிடத் தோல் ஷாப் மேல் என்று போகிறாளே, அந்தத் தூரத்துக்கு ஆட்டோ கிடையாது.

அவள் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது. கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. ஒருத்தன் பழச்சாற்றைச் சர்க்கரையோடு காய்ச்சிப் பாகாக்கி, காப்பியில் ஊற்றி, "இப்ப காப்பி வாசனையே வராது, பழம்தான் வரும்" என்றான். தலைப்பு: 'வீட்டிலேயே காஃபி சிரப்'. எனக்குள் மணி அடித்தது. பழத்தை முன்னால் நடக்கவிட்டு, காப்பியை அதன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக் கூட்டிக்கொண்டு போனால்? அவள் ஒரு வாய் காப்பியைத் தாங்கிவிட்டால் என்னையும் தாங்கிவிடுவாள். அந்த நிலைமையில் எனக்கு இது விஞ்ஞானமாகவே பட்டது.

கடையின் பின்னறையில் ஒரு கேஸ் அடுப்பு உண்டு. முதலில் ஒரு கிலோ பன்னீர் திராட்சை. நசுக்கி, வேகவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, சரிக்குச் சரி சர்க்கரை போட்டுக் காய்ச்சினேன். இரண்டு விரலால் தொட்டுப் பிரித்தால் நூல் மாதிரி ஒரு கம்பி இழுக்க வேண்டும். இழுத்தது. விரல் கொப்புளித்தது. நிறம் என்னவோ அற்புதம். சூடான பால் காப்பியில் இரண்டு ஸ்பூன் ஊற்றினேன்.

திரிந்துவிட்டது. டம்ளருக்குள் ஊதா நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ மிதந்தது. இருபத்தாறு வருஷம் காப்பியில் ஊறினவனுக்குப் புளிப்பு பட்டால் பால் திரியும் என்று தோன்றவில்லை. அந்த வீடியோக்காரன் குடித்தது பால் இல்லாத காப்பி. நமக்குப் பால் இல்லாவிட்டால் அது காப்பியே இல்லை என்பதால், நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

எதிர்ச்சாரியில் மீன் விற்கும் அக்கா கைகழுவத் தண்ணீர் கேட்டு வந்தவர் டம்ளரை எட்டிப் பார்த்தார். கோவளம் பக்கம் கடலோரக் குடும்பம். விடியற்காலை பஸ்ஸில் கூடையோடு வருகிறவர்.

"இன்னாண்ணா இது?"

"பன்னீர் திராட்சை போட்ட காப்பிக்கா."

"பன்னீர்ல பனீர் பண்ணி வச்சிகினு கீற" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு குறைந்தது. "எம்மேல ஒருநாள் மீனு வாசன இல்லன்னா, எங்க வூட்டுக்காரன் யாரு நீன்னு கேப்பான். உனுக்குத் தலகீழா ஆயிப்போச்சே, பாவம்."

அடுத்து அன்னாசி. அதுவும் திரிந்தது, கூடவே கசந்தது. சரி, பால் வேண்டாம் என்று வெறும் டிகாஷனில் அன்னாசி சிரப் கலந்து, சின்ன பிளாஸ்கில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இந்த ஒன்றில் நான் ஏமாற்றவில்லை. என்ன என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவளும் மறுக்கவில்லை. பால்கனியில் நின்று, மூச்சைப் பிடித்து, எனக்காக ஒரு மடக்குக் குடித்தாள். குடித்த வேகத்தில் கழுவுதொட்டிக்கு ஓடினாள். நான் முதுகைத் தடவப் போனேன். கையை நீட்டி, வேண்டாம், வராதீர்கள் என்று காட்டினாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "அன்னாசிப்பழத்தையும் டயரையும் ஒண்ணாப் போட்டு எரிச்சிருக்கீங்க" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். "இனிமே இந்த வீட்டுல காப்பிங்கிற பேச்சே வேணாங்க. பேரக் கேட்டாலே பெரட்டுது."

நான் "சரி" என்றேன். நிஜமாகவே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் அவள் சப்போட்டா ஒன்றை உரித்துத் தின்றுகொண்டே, "இதுல மட்டும் ஒண்ணுமே வரல. நல்லதும் வரல, கெட்டதும் வரல. இனிப்பு மட்டும் தெரியுது" என்றாள். அவ்வளவுதான், மறுபடி பிசாசு ஏறிக்கொண்டது. இரண்டு கிலோ சப்போட்டா வாங்கினேன். சப்போட்டாவில் புளிப்பு இல்லை, பால் திரியாது. ஆனால் பால் காப்பியைக் கண்ணில் காட்டவே முடியாதே! அதனால் சிரப்பைக் காப்பியில் ஊற்றாமல், காப்பியைச் சிரப்பில் ஊற்றினேன். ஒரு பாட்டில் சிரப்புக்கு ஒரே ஒரு ஸ்பூன் டிகாஷன். பழுப்பு நிறப் பழத்தோடு பழுப்பு நிறக் காப்பி பேச்சு மூச்சில்லாமல் கலந்துகொண்டது.

பின்னறையில் கையில் அகப்பட்டது காலியான ஒரு டானிக் பாட்டில். கருஞ்சிவப்புக் கண்ணாடி, அளவு போட்ட மூடி. வெந்நீரில் கொதிக்கவைத்து நிரப்பினேன். மற்ற சிரப்புகளோடு மாறிப்போகக் கூடாதென்று ஸ்டிக்கர் ஒட்டினேன். எப்போதும் 'காப்பி' என்று எழுதுகிறவன், அன்று அந்த வீடியோ மாதிரி ஸ்டைலாக 'காஃபி சிரப்' என்று எழுதினேன். எழுதியதாகத்தான் நினைத்தேன்.

பரீட்சையின் கடைசி வாரம், திங்கட்கிழமை சாயங்காலம். எல்லாவற்றையும் சொல்லி, காலில் விழுந்தாவது ஒரு ஸ்பூன் குடிக்கச் சொல்ல வேண்டும் என்று பாட்டிலோடு போனேன். மேஜையில் விடைத்தாள் கட்டுக்கு நடுவே அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் மேல் பெட்டி திறந்திருந்தது, பாதி அடுக்கியிருந்தாள்.

"இன்னைக்குத் தயிர்சாதமும் நாறுதுங்க" என்றாள், தலையைத் தூக்காமலே.

பாட்டிலை மருந்து அலமாரியில் தைலத்துக்குப் பின்னால் செருகிவிட்டு ஹாலுக்கு வந்தேன்.

காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது. சாக்பீஸ் தூசியில் அவளுக்கு எப்போதும் இருமல் உண்டு.

"ஏங்க, இருமல் மருந்து வாங்கி வச்சா ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

ஓடினேன். பாட்டில் அவள் கையில் இருந்தது. ஸ்டிக்கரை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். 'காஃப சிரப்'. 'பி' எழுத்தின் தலையில் ஒரு வளைவு வருமே, மேல்விலங்கு, அதை விட்டிருந்தேன். நான் எங்கே புள்ளி வைக்கிறவன்? அதனால் அவள் அதைக் 'காஃப்' என்று படித்துவிட்டாள். புள்ளி இல்லாத காஃப் சிரப்.

"யாரு எழுதினது இது? புள்ளியக் காணோம்."

"கடைக்காரன்தான்" என்றேன். பொய் இல்லை. நானும் கடைக்காரன்தானே.

வாயில் நுரையோடு நின்றேன். வேண்டாம் என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஒரு மூடி ஊற்றிக் கடகடவென்று விழுங்கினாள். முகம் கோணியது. நான் கழுவுதொட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினேன். அவள் ஓடவில்லை.

"கேவலமா இருக்கு" என்றாள். "மருந்துன்னா அப்பிடித்தான். ஒரு நாளைக்கு எத்தன வேள?"

"மூணு" என்று என் வாய் சொல்லிற்று.

அந்த வாரம் நான் பட்ட பயம் கொஞ்சநஞ்சமல்ல. காப்பி என்றால் குமட்டுகிறவள், மருந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறாள். அவள் பள்ளிக்குப் போனதும் பாட்டிலில் இன்னொரு ஸ்பூன் டிகாஷன் சேர்ப்பேன். புதன் ஒரு ஸ்பூன், வியாழன் ஒன்றரை. நோயில் கிடக்கிற மனைவிக்கு அவள் வேண்டாம் என்று சொன்னதையே ஒளித்துக் கொடுக்கிறவனைப் பற்றிச் சர்ச்சில் என்ன சொல்வார்கள் என்று யோசிப்பேன். எரிகிற டயர் வாசனைக்கு ஏற்ற இடத்துக்கே அனுப்புவார்கள்.

மீன்கார அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"ஐயய்யோ, மொதல்ல சொல்லிடுண்ணா. இப்ப மூக்குதான் உன்ன வேணாங்குது. தெரிஞ்சிதுன்னா அவங்களே வேணாம்பாங்க."

தினமும் சொல்லத்தான் போவேன். அவள் மூடியைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு உதட்டைத் துடைப்பாள். இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக வியாழன் அன்று ஒரு தோசை முழுதாகத் தின்றாள். சொல்ல வந்ததை அந்தத் தோசையோடு நானும் விழுங்கினேன்.

சனிக்கிழமை. அவள் கடைசிப் பரீட்சைக்குக் கண்காணிப்புக்குப் போய்விட்டாள். பெட்டி பூட்டி, வாசல் பக்கம் நின்றது. சாயங்காலம் மச்சான் ஆட்டோவோடு வருவதாக ஏற்பாடு. கிளம்புவதற்குள் பாட்டிலை ஒளித்துவிடலாம், குற்றத்துக்கு ஆதாரம் இருக்க வேண்டாம் என்று அலமாரியைத் திறந்தேன். அடியில் ஒரு மூடி அளவுதான் மிச்சம்.

ஸ்டிக்கரில் சிவப்பு மை.

'காஃப' வில் அந்தப் 'ப' வின் தலையில் அழகாக, வகுப்பில் போடுகிற மாதிரி நிதானமாக, ஒரு வளைவு. புள்ளி அல்ல, விலங்கு. 'காஃபி சிரப்'.

உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. சிவப்பு மையின் மேல் சிரப் வழிந்து, பிசுபிசுத்துக் காய்ந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, இரண்டு மூன்று வழிசல். அப்படியானால், திருத்திய பிறகும் குடித்திருக்கிறாள்.

கடையில் அன்று எதை அரைத்தேன், யாருக்குக் கொடுத்தேன், தெரியாது. மூன்றரை மணிக்கு அவளிடமிருந்து போன்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன். "எப்பத் தெரிஞ்சுது?"

"மொத மூடியில சந்தேகம். மறுநாள் டிகாஷன் ஏத்துனீங்க பாருங்க, அப்ப கன்ஃபர்ம். இத்தன வருஷம் பேப்பர் திருத்தறேன், புள்ளி விட்டதுக்கும் விலங்கு விட்டதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"அப்புறம் ஏன் குடிச்ச?"

பின்னால் லீவு விட்ட பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"காப்பின்னு குடுத்திருந்தா துப்பியிருப்பேன். நீங்க மருந்துன்னு சொல்லிட்டீங்க. சரி, மருந்துன்னே வச்சுக்குவோம்னு விட்டுட்டேன். ஆனா ஒண்ணு, இன்னொரு தடவ எங்கிட்ட சொல்லாம இப்பிடிப் பண்ணினீங்க, பம்மல் இல்ல, எந்த ஊருன்னே சொல்லாமப் போயிருவேன்."

"சத்தியமா."

"இன்னைக்குக் குளிக்காம வாங்க."

"என்னது?"

"கடையிலேருந்து அப்பிடியே வாங்க. சட்டையும் மாத்த வேணாம். பாக்கலாம்."

"முடியலன்னா?"

"முடியலன்னா பெட்டிதான் ரெடியா இருக்கே. அண்ணன் அஞ்சு மணிக்கு வராரு."

அன்று ஒரு வறுவல் முடிந்திருந்தது. தலையிலிருந்து கால்வரை புகை. மீன்கார அக்கா கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே "போண்ணா, போ" என்று கையை ஆட்டினார். நடந்து வரும்போது நானே என் தோளை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டேன். எதிரே வந்தவர்கள் விலகி நடந்தார்கள். சாவி பையில் இருந்தும் மணியை அடித்தேன். ஏனோ கைக்குத் திறக்கத் தைரியம் வரவில்லை.

கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் பெட்டி தெரிந்தது. "நில்லுங்க" என்றாள். நின்றேன். ஒரு அடி முன்னால் வந்தாள். மூச்சை மெல்ல இழுத்தாள். அவள் முகம் எப்படிச் சுருங்கும் என்று எனக்கு இப்போது மனப்பாடம். சுருங்கியது. கை கதவை இறுக்கிப் பிடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்னால் போகும் காலடிச் சத்தம் வரவில்லை.

"டயர்தான்" என்றாள். மறுபடி ஒரு மூச்சு இழுத்தாள், இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. "ஆனா எரியல. சும்மா டயர்."

இருபத்தாறு வருஷத்தில் என்னைப் பற்றி அவள் இவ்வளவு நல்லதாக எதுவும் சொன்னதில்லை. மச்சான் வந்தபோது ஆட்டோவைத் திருப்பி அனுப்பினோமா என்று கேட்டால், இல்லை. "ஒரு அரை மணி நேரம் நிக்கச் சொல்லுங்க, இன்னொரு தடவ பாத்துடறேன்" என்றாள். ஆட்டோ வாசலில் நின்றது. நான் ஹாலில், குளிக்காமல், அவளுக்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.